சிட்டம்மாள் கடித்துச் சொன்ன பதம்

உத்திரமேரூரில் சடையப்பன் ரைஸ் மில் களத்தில் நெல் காய்ந்துவிட்டதா இல்லையா என்பதைச் சூரியன் முடிவு செய்ததில்லை. சிட்டம்மாள்தான் முடிவு செய்தாள். அறுபதுகளின் தொடக்கத்தில் அந்தப் பக்கம் யாரைக் கேட்டிருந்தாலும் இதைச் சொல்லியிருப்பார்கள்.

அவித்த நெல்லைச் சிமெண்டுக் களத்தில் பரப்பிவிட்டு, பெண்கள் வரிசையாகக் காலால் துழாவிக்கொண்டு நடப்பார்கள். வெயில் ஏறியதும் மில்லுக்குள்ளிருந்து சடையப்பன் தலையை நீட்டி, "சிட்டம்மா, நெல்லு இன்னா சொல்லுது?" என்பார். அவள் களத்தின் நடுவில் கொஞ்சம், ஓரத்தில் கொஞ்சம் நெல்லைப் பொறுக்கி, உள்ளங்கையில் தேய்த்து உமியை ஊதிவிட்டு, ஓர் அரிசியை முன்பல்லுக்கு நடுவில் வைத்து ஒரே ஒரு கடி கடிப்பாள். அரிசி நசுங்கினால் ஈரம் இருக்கிறது. பொடிந்தால் வெயில் மிஞ்சிவிட்டது. டக்கென்று இரண்டாக உடைந்தால் அதுதான் பதம். "போதும், குவிங்க" என்பாள். அதற்குப் பிறகு இன்னொருவர் கடித்துப் பார்க்கும் வழக்கம் அந்த மில்லில் கிடையாது.

பதம் தப்பினால் சும்மா போகாது. ஈரமாக அரைத்தால் அரிசி நசுங்கி மிஷினில் ஒட்டிக்கொள்ளும். காய்ச்சல் மிஞ்சினால் மொத்தமும் உடைந்து நொய்யாகக் கொட்டும். ஒரு குடும்பம் வருஷம் முழுக்கச் சாப்பிட வைத்திருக்கும் நெல்லை ஒரு மத்தியானத்தில் கோழித் தீவனம் ஆக்கிவிடலாம். அந்தப் பொறுப்பு முழுவதையும் சிட்டம்மாள் தன் முன்பல்லில் தூக்கிக்கொண்டு நடந்தாள். அந்தக் கர்வமும் அவளுக்கு இருந்தது. இருக்கட்டுமே, பல்லை வைத்துப் பேர் வாங்கியவர்கள் ஊரில் எத்தனை பேர்?

நெல்லை அவிக்கிறவன் கோபால், அவள் புருஷன். தொட்டியில் ஊறிய நெல்லுக்கு உமி அடுப்பை எரித்து ஆவி ஏற்றுவது அவன் வேலை. "இவரு அவிச்சி நான் காய வெக்கலன்னா உத்திரமேரூர்ல பாதி ஜனம் பட்டினிதான்" என்று சிட்டம்மாள் எல்லோரிடமும் சொல்வாள். கோபால் ஆமாம் என்றும் சொல்ல மாட்டான், இல்லை என்றும் சொல்ல மாட்டான். கல்யாணமான அன்றே பேச்சு முழுவதையும் பெண்டாட்டிக்கு எழுதிக் கொடுத்துவிட்ட மனிதன் அவன்.

சிட்டம்மாளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. சுருட்டு. அது மட்டுமென்றால் பெரிய விஷயமில்லை, வயல் வேலைக்குப் போகிற பெண்களில் சுருட்டுப் பிடிக்கிறவர்கள் அப்போது இல்லாமல் இல்லை. இவள் பிடிக்கிற விதம்தான் வேறு. நெருப்புப் பக்கத்தை வாய்க்குள் வைத்துக்கொள்வாள்.

சிறுவயதில் திருமுக்கூடலில், ஏரிக்கரை வேலைக்கு நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த பெண்கள் அப்படிப் பிடிப்பதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. களத்து வேலைக்கு வந்தபோது அந்த வித்தை வெகு சௌகரியமாகப் போய்விட்டது. சாக்கும் வைக்கோலும் உமியும் குவிந்து கிடக்கிற இடத்தில் பீடி, சுருட்டு எதற்கும் நெருப்பு எடுக்கக் கூடாது என்பது சடையப்பனின் கண்டிப்பான உத்தரவு. சிட்டம்மாள் உத்தரவை மீறவில்லை. நெருப்பு வாய்க்குள் இருந்தது. பொறி பறக்காது, காற்றில் அணையாது, இரண்டு கையும் வேலைக்கு இருக்கும். சடையப்பன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு களத்தைச் சுற்றி வருவார். "எங்கியோ சுருட்டு வாசனை அடிக்குதே" என்பார். சிட்டம்மாள் வாயை மூடிக்கொண்டு, தெரியவில்லை என்று தலையை ஆட்டுவாள். அவள் பேசாமல் இருக்கிற ஒரே நேரம் அதுதான் என்பது அவருக்குக் கடைசிவரை உறைக்கவில்லை.

அவளைப் பொறுத்தவரை அது பழக்கமே இல்லை, மருந்து. சின்னப் பெண்ணாக இருந்தபோது கடைவாய்ப் பல் வலித்தால் அம்மா கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டு, அந்தப் புகையை ஓட்டைக் கொட்டாங்குச்சி வழியாக வாய்க்குள் பிடிக்க வைப்பாள். பிறகு வாயைத் திறந்து தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் காட்டினால், வெள்ளை வெள்ளையாகப் பூச்சிகள் கிண்ணத்தில் மிதக்கும். அதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். புகை பட்டால் பல் பூச்சி சாகும் என்பதில் அவளுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஊரார் பல் வலித்தால் எப்போதாவது பிடிக்கிற புகையை அவள் தினம் பிடித்தாள், அதுவும் உள்ளே நெருப்போடு. பூச்சி எங்கே உட்காரும்?

அதற்கு ருசுவும் வைத்திருந்தாள். மில்லில் எல்லோரும் உமிக்கரியில்தான் பல் தேய்ப்பார்கள். பக்கத்து வரிசையில் நெல் துழாவுகிற அம்முலு தேய்த்துத் துப்பினால் சிவப்பாக வரும். சிட்டம்மாள் எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் ஒரு சொட்டு ரத்தம் வராது. "பாத்தியாடி? எல்லாம் புகை மகிமை" என்பாள்.

சிட்டம்மாள் கவனித்த வேறு சில விஷயங்களும் உண்டு. அவள் பேச ஆரம்பித்தால் எதிரில் நிற்கிறவர்கள் ஓரடி பின்னால் போவார்கள். தன் வார்த்தைக்கு இருக்கிற மரியாதை என்று எடுத்துக்கொண்டாள். மத்தியானம் பெண்கள் தூக்குச் சட்டியைத் திறந்து ஒருவருக்கொருவர் குழம்பு மாற்றிக்கொள்வார்கள், அவள் குழம்பை மட்டும் யாரும் கேட்பதில்லை. புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் வேண்டுமே என்று பெருந்தன்மையாக விட்டுவிடுகிறார்கள் என்று நினைத்தாள். கோபால் சாப்பிட்டு முடித்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடிப்பான். பாவம், நாளெல்லாம் அடுப்பு முன்னால் நிற்கிறவன், தாகம் இருக்கத்தானே செய்யும். இப்படி உலகமே அவளுக்குச் சாதகமாக நடந்துகொண்டிருந்தது.

மானாம்பதி பச்சமுத்துவின் நெல் வந்து அதைக் கெடுத்தது.

பச்சமுத்து நாலு ஏக்கர் வைத்துப் பயிரிடுகிறவர். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சொந்த நிலத்து நெல்லிலேயே பந்தி போட வேண்டும் என்று, மூட்டைகளை வண்டியிலேற்றி அவரே மில்லுக்கு ஓட்டி வந்தார். கோபால் ஊறவைத்து அவித்துக் கொடுத்தான். நல்ல வெயில். சிட்டம்மாள் உச்சி வெயில் சாய்ந்ததும் கடித்துப் பார்த்தாள். மெத்தென்று இருந்தது. இன்னும் ஆகவில்லை என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கடித்தாள். அப்போதும் மெத்தென்றுதான் இருந்தது.

அம்முலு யாருக்கும் தெரியாமல் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "போதும் போல கீதே, சிட்டம்மா" என்றாள்.

"நீ போயி காலை ஓட்டுடி. பதம் நான் சொல்றேன்."

வெயில் இறங்கும்வரை விட்டுத்தான் போதும் என்றாள். மறுநாள் மிஷின் ஓடியது. கொட்டியது அத்தனையும் நொய். பச்சமுத்து இரண்டு கையாலும் அள்ளி, விரலுக்கு இடையில் ஒழுகவிட்டுப் பார்த்தார். கோபப்பட வேண்டியவர்தான். ஆனால் சடையப்பன் பக்கம் திரும்பி மெதுவாகத்தான் கேட்டார்.

"கல்யாணத்துக்கு வரவங்களுக்கு நான் சோறு போடணும்னு நெனச்சேன் மொதலாளி. கஞ்சி ஊத்தச் சொல்றீங்களே."

சடையப்பனுக்கு முகம் செத்துவிட்டது. நெல் சரியாக வேகாவிட்டாலும் அரிசி உடையும், காய்ச்சல் மிஞ்சினாலும் உடையும். இரண்டில் எது என்று பார்க்க வேண்டியிருந்தது. அவர் பார்வை களத்துப் பக்கம் திரும்புவதற்குள் சிட்டம்மாள் முந்திக்கொண்டாள்.

"என் வாயில பதம் தப்பாது மொதலாளி. ஆவி பத்தல. வேகாத நெல்லு, அதான் ஒடிஞ்சி பூட்சி."

களத்துப் பெண்கள், மூட்டைக்காரர்கள், பச்சமுத்து எல்லோரும் கோபாலைப் பார்த்தார்கள். கோபால் சிட்டம்மாளைப் பார்த்தான். பிறகு துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு, "ஆமா மொதலாளி. ஆவி கொஞ்சம் பத்தலதான்" என்றான்.

சடையப்பன் தன் சொந்த அரிசியிலிருந்து பச்சமுத்துவுக்கு அளந்து அனுப்பினார். கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. கோபாலைத் தொட்டியிலிருந்து எடுத்து உமி அள்ளுகிற வேலைக்குப் போட்டார். தொட்டிக்குத் தாண்டவராயன் என்பவன் வந்தான். வீட்டுக்குப் போனபிறகும் சிட்டம்மாள் விடவில்லை. இத்தனை வருஷ வேலையில் ஆவி பார்க்கத் தெரியவில்லையா, என் பெயரும் சேர்ந்து கெட்டதே என்று அர்ச்சனை. கோபால் கேட்டுக்கொண்டே சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டான்.

விசித்திரம் என்னவென்றால், தாண்டவராயன் அவித்த நெல்லும் நொய்யாகவே போயிற்று. சிட்டம்மாள் அவனையும் திட்டினாள். நெருப்பை ஒழுங்காக எரிக்கத் தெரிந்த ஆண்பிள்ளை ஒருத்தன்கூட இந்த ஊரில் இல்லையா என்றாள்.

இதற்கிடையில் மேல்வரிசை முன்பல் ஒன்று குடைய ஆரம்பித்தது. அவள் சுருட்டை அதிகமாக்கினாள். வலி குறைகிற மாதிரி இருந்தது, பிறகு கூடியது. மறுபடி சுருட்டு. ஒருநாள் கூழைக்கூட வாயில் வைக்க முடியாமல் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"காஞ்சிவரத்துல பல் டாக்டர் கீறாரு. ஒரு தபா காட்டிக்கினு வந்துடலாம்" என்றான் கோபால்.

"காஞ்சிவரம் போனா கருடசேவைக்குப் போவாங்க. பல்லைக் காட்டவாய்யா போவாங்க?"

ஆனாலும் போனாள். வலி அப்படி.

டாக்டரின் பெயர் பெருமாள். நிதானமான மனிதர். நாற்காலியில் சாயவைத்து, விளக்கைத் திருப்பி வாய்க்குள் பார்த்தவர் கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசவில்லை. சிட்டம்மாளுக்குப் பேசாத ஆண்பிள்ளைகளைப் பழக்கம்தான். இது வேறு மாதிரி இருந்தது.

"எத்தனை வருஷமா நெருப்பை வாய்க்குள்ள வெச்சிக்கிறீங்க?" என்றார் அவர்.

சிட்டம்மாள் திரும்பிக் கோபாலை முறைத்தாள். அவன் வாசற்படியிலேயே நின்றிருந்தான், ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

"அவர் ஒண்ணும் சொல்லலைம்மா. உங்க வாயே சொல்லுது" என்று டாக்டர் சின்னக் கண்ணாடி ஒன்றை வாய்க்குள் பிடித்து, பெரிய கண்ணாடி ஒன்றை அவள் கையில் கொடுத்தார்.

தன் மேலண்ணத்தைத் தானே பார்த்தவர்கள் யார் இருக்கிறார்கள்? சிட்டம்மாள் பார்த்தாள். வெள்ளையடித்த சுவரில் மூட்டைப்பூச்சிகளை வரிசையாக நசுக்கிய மாதிரி, வெளுத்துப் போன அண்ணத்தில் சிவப்பு சிவப்பாகப் புள்ளிகள். பல்லெல்லாம் பின்பக்கம் அடுப்புச் சட்டியாகக் கறுத்துக் கிடந்தது. இந்த வாயை வைத்துக்கொண்டா நான் ஊருக்கு நியாயம் சொன்னேன் என்று அவளுக்கு இருந்தது.

டாக்டர் ஒரு மெல்லிய மரக்குச்சியை எடுத்து, முன்பல்லால் கடிக்கச் சொன்னார். கடித்தாள்.

"எப்படி இருக்கு?"

"குச்சி மெத்துனு கீது."

"அதே குச்சியை இந்தப் பக்கம் கடைவாயில கடிங்க."

கடித்தாள். குச்சி கட்டையாக இருந்தது. கடிபடவே இல்லை.

"குச்சி மெத்துனு இல்லைம்மா. ஈறு கரைஞ்சி, பல்லுக்குப் பிடிமானம் போயிடுச்சி. நீங்க கடிக்கிறப்போ பல்லுதான் உள்ள இறங்குது" என்றார் டாக்டர்.

சிட்டம்மாள் வாயைத் திறந்தபடியே இருந்தாள். பல்தான் இறங்குகிறது. அப்படியென்றால் அன்று மெத்தென்று இருந்தது நெல் இல்லை. காய்ந்த நெல்லைக் காயவில்லை, காயவில்லை என்று வெயிலில் போட்டுப் பொடித்தது அவள். நெல் சரியாக வெந்திருந்தது. கோபால் சரியாகத்தான் அவித்திருந்தான்.

"யோவ்" என்றாள், வாசற்படியைப் பார்த்து. "பச்சமுத்து நெல்லு வெந்துதானே இருந்திச்சி?"

கோபால் சுவரைப் பார்த்தான். "வெந்துதான் இருந்திச்சி."

"அப்பறம் ஏன்யா பத்தலன்னு சொன்னே?"

"நீ அப்பிடி சொல்லிட்டே. அத்தினி பேரு எதிர்ல உன்னப் பொய்யாக்கச் சொல்றியா?"

சிட்டம்மாளின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. டாக்டர் வலி தாங்காமல் அழுகிறாள் என்று நினைத்து, "இன்னும் நான் எதுவும் செய்யவே இல்லையேம்மா" என்றார்.

அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டார். பக்கத்துப் பற்களும் அதே வழிக்குப் போய்க்கொண்டிருப்பதையும், சுருட்டை அடியோடு விட்டால் அவற்றைக் காப்பாற்றலாம் என்பதையும் சொன்னார். அண்ணத்து வெளுப்பு நெருப்பு நின்றால் மாறும், நிற்காவிட்டால் ஒருநாள் ஆறாத புண்ணாகும், அப்புறம் புற்றுநோயில் கொண்டுபோய்விடும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். சிட்டம்மாள் வாயில் பஞ்சோடு, கண்டங்கத்திரிப் புகையில் செத்து விழுந்த பூச்சிகளைப் பற்றிக் கையாலேயே சாட்சி சொன்னாள். "அது பூச்சி இல்லைம்மா, அந்த விதைக்குள்ள இருந்து வர முளை. வாயைக் காட்டாம வெறும் தண்ணி மேல புகை போட்டாலும் மிதக்கும்" என்றார் அவர். அம்மா பொய் சொல்லியிருக்க மாட்டாள், அவளும் ஏமாந்துதான் போயிருப்பாள் என்று சிட்டம்மாள் சமாதானம் செய்துகொண்டாள்.

மறுநாள் காலையில் மில்லுக்குப் போனதும் சிட்டம்மாள் நேராகச் சடையப்பன் எதிரில் போய் நின்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, பிடுங்கிய பல்லை அவர் மேஜை மேல் வைத்தாள்.

"இன்னாது இது?" என்று அவர் நாற்காலியை நகர்த்தினார்.

"உங்க நெல்லைக் கெடுத்தவன் இவன்தான். இத்த வுட்டுட்டு என் வூட்டுக்காரரை உமி அள்ள வெச்சிட்டீங்க. நானும் அவரைத்தான் திட்டிக்கினு இருந்தேன்."

சடையப்பன் கதை முழுவதையும் கேட்டார். சுருட்டு வாசனை எங்கிருந்து வந்தது என்ற பல வருஷத்துப் புதிரும் அவருக்கு அப்போதுதான் விடுபட்டது. கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கடைசியில் சிரித்துவிட்டார். கோபாலை அன்றே தொட்டிக்குத் திருப்பி அனுப்பினார். ஆனால் சிட்டம்மாளிடம், "நீ இனிமே கடிக்க வாணாம். அம்முலு பாத்துக்கட்டும்" என்றார்.

அதில் நியாயம் இருந்தது. அதனாலேயே வலித்தது. அம்முலு நெல்லைக் கடித்துவிட்டு வானத்தைப் பார்ப்பதையும், தரையைப் பார்ப்பதையும், "போதும்னு நெனைக்கிறேன்" என்று இழுப்பதையும் கேட்டுக்கொண்டு, சிட்டம்மாள் மற்றவர்களோடு ஒருத்தியாகக் காலை ஓட்டினாள். வாய்க்குள் நெருப்பு இருந்த இடத்தில் வேப்பங்குச்சி இருந்தது. அதை மென்று மென்று தினம் ஒரு மரத்தையே மொட்டையடிப்பாள் போலிருந்தது. கோபம் வந்தது, தூக்கம் வரவில்லை, இப்போது உமி அள்ளுகிற தாண்டவராயனைக் காரணமே இல்லாமல் திட்டினாள். அவன் நல்ல பிள்ளை, பழைய பாக்கியென்று நினைத்து வாங்கிக்கொண்டான்.

பிறகு அது நடந்தது. ஒருநாள் காலை உமிக்கரி போட்டுத் தேய்த்துத் துப்பினாள். கறுப்போடு சிவப்பும் வந்தது. மறுநாள் இன்னும் அதிகமாக வந்தது. பிறந்ததிலிருந்து பார்க்காத ரத்தம்.

சிட்டம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சுருட்டுப் பிடித்தவரை ஒரு சொட்டு வந்ததுண்டா? பெரிய படிப்புப் படித்தவன் பேச்சைக் கேட்டு இருந்த மருந்தையும் விட்டாயிற்று, இப்போது மிச்சப் பல்லும் போகப் போகிறது. கூரைச் சந்தில் செருகி வைத்திருந்த கடைசிச் சுருட்டை உருவி, அடுப்பு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

கோபால் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். சுருட்டைப் பார்த்தான். பிடுங்கவில்லை. பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்தான்.

"அந்த டாக்டரைப் போயி ஒரு தபா கேட்டுடு. அவரு சொன்னது பொய்யின்னா, நானே நெருப்பு எடுத்தாந்து பத்த வெக்கறேன்" என்றான்.

அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. சுருட்டை முந்தானையில் முடிந்துகொண்டு சண்டைக்குத் தயாராகப் பஸ் ஏறினாள். வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை. உள்ளே போய் வாயைத் திறந்து, "பாருங்க இன்னா பண்ணி வெச்சிகீறீங்கன்னு" என்றாள்.

டாக்டர் பெருமாள் பார்த்தார். அவர் முகத்தில் சந்தோஷம் வந்ததைப் பார்த்து அவளுக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது.

"ரத்தம் வருதா? சுருட்டை நிஜமாவே விட்டுட்டீங்கன்னு அதுலயே தெரியுது."

"வுட்டதாலதானே வருது?"

"ஆமா. ஆனா நீங்க நினைக்கிற மாதிரி இல்லை. உங்க ஈறு ரொம்ப வருஷமா சீக்கு. சீக்கான ஈறுல ரத்தம் வரணும். புகை ரத்த ஓட்டத்தையே சுருக்கி வெச்சிருந்ததால வெளியில தெரியலை. இப்போ புகை நின்னு, ஈறுக்கு ரத்தம் ஓடுது. அதனால இத்தனை நாள் ஒளிஞ்சிருந்த புண்ணு கண்ணுக்குத் தெரியுது. அதை நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும், தப்புதான்."

சிட்டம்மாள் யோசித்தாள். அம்முலு சிவப்பாகத் துப்பியபோது தான் சிரித்தது ஞாபகம் வந்தது. "அப்போ அவளுக்கும் ஈறு சீக்குதானா?" என்று கேட்டாள்.

"யாருக்கு ரத்தம் வந்தாலும் காட்டணும். அவங்களையும் கூட்டிக்கிட்டு வாங்க."

அன்று அவர் உட்காரவைத்து, பல்லுக்குப் பின்னால் கல்லாகப் படிந்திருந்த கறையை எல்லாம் சுரண்டி எடுத்தார். உமிக்கரியை அழுத்தித் தேய்க்கக் கூடாது, உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும் என்றார். கிளம்பும்போது சிட்டம்மாள் முடிச்சை அவிழ்த்துச் சுருட்டை அவரிடமே கொடுத்துவிட்டாள். "நான் இதைப் பிடிக்கிறதில்லையேம்மா" என்றார் டாக்டர். "நானும்தான்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து ஒருநாள் நின்றேபோயிற்று. ஈறு இறுகியது. அம்முலுவையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். வேறொன்றும் நடந்தது. அவள் பேசினால் யாரும் ஓரடி பின்னால் போவதில்லை. நன்றாக நெருங்கி நின்று கேட்டார்கள். மரியாதை போய்விட்டது என்று கொஞ்ச நாள் கவலைப்பட்டாள். முன்பு பின்னால் போனதெல்லாம் வாய் நாற்றத்துக்கு என்று அம்முலுதான் ஒருநாள் உண்மையை உடைத்தாள். அதற்காக அவளோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். பிறகு நினைத்து நினைத்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

தை பிறந்ததும் மானாம்பதியிலிருந்து பச்சமுத்துவின் வண்டி வந்து நின்றது. மகளுக்கு வளைகாப்பு. கலந்த சோறு ஏழு வகை போட வேண்டும், முழு அரிசி வேண்டும். இந்த மில்லை விட்டு வேறு மில்லுக்குப் போயிருக்கலாம். ஏன் வந்தார் என்றால், "தப்பை அவங்களே ஒத்துக்கினாங்கன்னு கேள்விப்பட்டேன், அது போதும்" என்றாராம்.

கோபால் அவித்தான். களத்தில் பரப்பினார்கள். வெயில் ஏறியது. அம்முலு கடித்தாள். வானத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். பச்சமுத்து வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நடந்து வந்து, சடையப்பன் பார்க்கப் பார்க்கவே, கையிலிருந்த நெல்லைச் சிட்டம்மாள் உள்ளங்கையில் வைத்தாள்.

"எனக்கு பயமா கீது சிட்டம்மா. நீ சொல்லு."

சிட்டம்மாள் சடையப்பனைப் பார்த்தாள். அவர் சரி என்று தலையை ஆட்டினார். நெல்லைத் தேய்த்து உமியை ஊதினாள். பல் போன ஓட்டைக்குப் பக்கத்துப் பல்லில், டாக்டர் காப்பாற்றிக் கொடுத்த பல்லில், வைத்தாள். தொட்டிப் பக்கம் கோபால் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றான். இந்தக் கடி தப்பினால் மறுபடி அவன்தான் துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு ஆமாம் என்பான் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குப் பயமாக இருந்தது. கடித்தாள்.

பல் இறங்கவில்லை. அரிசி டக்கென்று இரண்டாக உடைந்தது.

"போதும்" என்றாள். "குவிங்க."

மிஷினிலிருந்து கொட்டிய அரிசியைப் பச்சமுத்து இரண்டு கையாலும் அள்ளினார். அவ்வளவும் முழு அரிசி. அவர் சிட்டம்மாளைப் பார்த்துச் சிரித்தார். அவளும் சிரித்தாள், நடுவில் ஒரு ஜன்னலோடு.

அந்த அரிசியில் ஒரு முறம் புருஷன் பெண்டாட்டி இருவருக்குமென்று கொடுத்துவிட்டுப் போனார். சாயங்காலம் அதை வடித்து, கருவாட்டுக் குழம்பு வைத்தாள். கோபாலுக்குப் போட்டுவிட்டுத் தானும் ஒரு கவளம் பிசைந்து வாயில் வைத்தாள். வைத்ததும் துப்பினாள். வாரக்கணக்காக நாக்கில் ஏதேதோ ருசி தெரிய ஆரம்பித்திருந்ததை அவள் கவனிக்காமலில்லை. இன்று முழுசாகத் தெரிந்தது. உப்பு. சமுத்திரத்தையே கரைத்து ஊற்றிய மாதிரி உப்பு. நெருப்பில் வெந்து மரத்துக் கிடந்த நாக்குக்குப் போதும் என்று தோன்றுகிறவரை கை அள்ளிப் போட்டுப் பழகிய உப்பு.

எதிரில் கோபால் தன் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"இதையாய்யா இத்தினி வருசமா துன்னுக்கினு இருந்தே?"

"ம்."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

கோபால் யோசித்துப் பார்த்தான். "தண்ணி குடிச்சேனே" என்றான்.

சிட்டம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது, மறுபடி சிரிப்பு வந்தது. இப்படி ஒரு மனிதனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மறுநாள் நாக்கில் விட்டு விட்டுப் பார்த்து, உப்பு அளவாகப் போட்டு ஒரு குழம்பு வைத்தாள். அன்று மத்தியானம் களத்தில் பெண்கள் மாற்றிக்கொண்ட குழம்பில் அவள் குழம்புதான் முதலில் தீர்ந்தது. மிச்சம் வைத்திருந்ததை ராத்திரி பெருமையோடு கோபாலுக்கு ஊற்றினாள். அவன் ஒரு வாய் சாப்பிட்டான். இன்னொரு வாய் சாப்பிட்டான். அவள் அடுப்புப் பக்கம் திரும்பியபோது, மெல்லக் கையை நீட்டி உப்புச் சட்டியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துச் சோற்றில் போட்டுப் பிசைந்துகொண்டான். அவன் நாக்கும் பழகிப் போயிருந்தது.

சிட்டம்மாள் பார்த்துவிட்டாள். சொல்வதற்கு அவளிடம் நிறைய இருந்தது. வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். உப்புச் சட்டியை அவன் கைக்கு எட்டுகிற மாதிரிக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு, அவன் சொம்பில் தண்ணீரை நிரப்பினாள்.